காலையில் ஏமாற்றும் விண்டோஸ் செக்யூரிட்டி சர்வீஸ்: கடைக்குக் கொண்டுபோகுமுன் வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டியவை

கணினியைப் போட்டதும் கீழே வலது மூலையில் இருக்கிற கேடயத்தில் சிவப்புக் குறி. திறந்து பார்த்தால் செக்யூரிட்டி சென்டர் சர்வீஸ் (பாதுகாப்பு நிலையைக் கண்காணிக்க விண்டோஸுக்குள் பின்னணியில் ஓடுகிற நிரல்) ஓடவில்லை, வைரஸ் பாதுகாப்பின் நிலை தெரியவில்லை என்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போலப் பச்சையாகிவிடும். இரண்டு நாள் ஒழுங்காக இருக்கும், அப்புறம் மறுபடியும் அதே கதை. ஒரேயடியாக நின்றுபோன சர்வீஸைக் கண்டுபிடிப்பது லேசு. இப்படி வந்து வந்து போகிற கோளாறுதான் ஆளை வதைக்கும், ஏனென்றால் கடைக்குக் கொண்டுபோன நேரம் பார்த்து அது நல்ல பிள்ளையாக இருக்கும், கடைக்காரரும் "ஒன்றும் இல்லையே" என்று நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை பக்கம் பிள்ளைகளின் படிப்புக்கோ, சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடைக்கோ, வீட்டிலிருந்து செய்கிற வேலைக்கோ புதிதாகக் கணினி வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டு டெஸ்க்டொப்பை ஒரு கடையில் காட்டியபோது, "நுவரெலியாக் குளிருக்கு மெஷின் இப்படித்தான்" என்று சொல்லி ஃபோர்மட் அடித்து, காசும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அதே வியாதி கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. குளிரின் மேல் பழி போடுவது வசதிதான், கோளாறு காலையில் முதல் தடவை போடும்போது வருவதால் கேட்பவருக்கும் சரி என்றே படும். நான் அலைந்து பார்த்த அளவில் குளிருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டளைகளையும் மெனுப் பெயர்களையும் ஒலியை வைத்துத் தமிழில்தான் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள், ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நாலைந்து மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது.

1. முதலில் ஐந்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்

செக்யூரிட்டி சென்டர் சர்வீஸ் விண்டோஸோடு சேர்ந்து உடனே எழும்புகிற சர்வீஸ் அல்ல. அதன் தொடக்க வகை 'ஒட்டோமெட்டிக், டிலேய்ட் ஸ்டார்ட்'. மற்ற ஒட்டோமெட்டிக் சர்வீஸ்கள் எல்லாம் எழும்பி முடிந்து, இன்னும் சுமார் இரண்டு நிமிஷம் கழித்துத்தான் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பும். எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வருகிற வேகமான சேமிப்பு) போட்ட புது லெப்டொப்பில் இந்தத் தாமதம் கண்ணில் படாது. பழைய ஹார்ட் டிஸ்க் ஓடுகிற, இரண்டாம் கையாக வாங்கிய மெஷினில் அதுவே நாலு, ஐந்து நிமிஷமாக நீளும், அதுவரை கேடயம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கலாம். பதறிப்போய் உடனே ரீஸ்டார்ட் அடிப்பவர்கள் அந்த இரண்டு நிமிஷத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கி வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஐந்து நிமிஷத்துக்குப் பிறகும் சிவப்பு மாறவில்லை என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

2. ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள்

சிரிக்க வேண்டாம், இந்த ஒரு வேலைதான் பாதி வழி. பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி போதும். திகதி, போட்ட நேரம், முந்தின தடவை எப்படி நின்றது (நீங்கள் ஷட்டவுன் செய்தீர்களா, கரண்ட் போய் நின்றதா, ரீஸ்டார்ட்டா), இந்தத் தடவை சர்வீஸ் வந்ததா, இவற்றை மட்டும் எழுதுங்கள். ஒரு வாரம், பத்து நாள் எழுதினால் ஒரு ஒழுங்கு தெரியும்.

ஷட்டவுன் செய்துவிட்டு மறுநாள் போடும்போது வராமல், ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் வருகிறது என்றால் நாலாவது படிக்குப் போங்கள். கரண்ட் போன மறு தடவைதான் வரவில்லை என்றால் கோப்புகளிலோ டிஸ்க்கிலோ பழுது, எட்டும் ஒன்பதும் உங்களுக்கு. வந்துவிட்டு, பத்து நிமிஷத்தில் தானாகப் போகிறது என்றால் ஆறாவது படி. திகதி தப்பாகக் காட்டுகிற நாட்களில் மட்டும் வம்பு என்றால் ஏழு. விண்டோஸ் அப்டேட் இறங்கின மறுநாள் மட்டும் வந்தால், அப்டேட் பாதியில் நிற்கிறதா என்று பார்த்து, அதை முடிக்கவிட்டு, இன்னொரு ரீஸ்டார்ட் கொடுங்கள். பெரும்பாலும் அத்தோடு சரி.

மழைக்காலத்தில் எழுதினால் இன்னும் நல்லது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கமும், வருடக் கடைசியில் பதுளை, பசறை பக்கமும் மரக்கிளை விழுந்து கரண்ட் போய்ப் போய் வருகிற நாட்களில்தான் இந்தக் கோளாறு தன் முகத்தைக் காட்டும்.

3. கைவைக்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

வாங்கிய பில்லும் வொரண்டி அட்டையும் எங்கே என்று தேடி எடுங்கள். பெட்டியின் பின்னால் வொரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்து, காலமும் முடியவில்லை என்றால், மூடியைக் கழற்றுகிற வேலை எதையும் நீங்கள் செய்யாதீர்கள்.

அடுத்தது பிட்லொக்கர் ரிகவரி கீ. புது லெப்டொப் பலவற்றில் டிஸ்க் உங்களுக்குத் தெரியாமலே பூட்டப்பட்டிருக்கும். பயோஸில் (விண்டோஸ் ஏறுமுன் வருகிற அடிப்படை அமைப்புத் திரையில்) எதையாவது மாற்றினால் அடுத்த தடவை போடும்போது 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டுவிட்டு நிற்கும். மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்தால் அந்த எண் அங்கே இருக்கும். அதே கொப்பியில் எழுதி வையுங்கள், கணினிக்குள்ளேயே சேமித்து வைத்தால் பூட்டிய அலுமாரிக்குள் சாவியை வைத்த கதைதான்.

படங்கள், அடையாள அட்டை ஸ்கேன், பெறுபேற்றுச் சான்றிதழ்கள், கடைக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். அப்புறம் கணினியில் ஒரு ரீஸ்டோர் பொயின்ட், ஏதாவது பிசகினால் இன்றைய நிலைக்குத் திரும்ப. ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பொயின்ட்' என்று தேடினால் வரும். பல மெஷினில் இந்த வசதி அணைத்தே இருக்கும், முதலில் சி டிரைவுக்கு அதைப் போட்டுவிட்டு உருவாக்குங்கள்.

செலவு? இந்தக் கட்டுரையில் வருகிற மென்பொருள் கருவிகள் பெரும்பாலும் விண்டோஸோடு வருபவை, எல்லாம் இலவசம். பெட்டரி, டிஸ்க் என்று ஏதாவது மாற்ற வேண்டிவராவிட்டால் காசு போவது டேட்டாவுக்குத்தான். உங்கள் பெக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் பெரிய இறக்கங்களை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஷட்டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு

விண்டோஸ் 8 காலத்திலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒன்று இருக்கிறது, சாதாரணமாக அது போட்டே இருக்கும். ஷட்டவுன் அழுத்தினால் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, விண்டோஸின் உட்பகுதியையும் அதோடு ஓடுகிற சர்வீஸ்களையும் அப்படியே டிஸ்க்கில் உறைய வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். மறுநாள் போடும்போது சர்வீஸ்கள் புதிதாக எழும்புவதில்லை, நேற்றைய நிலையிலிருந்தே தொடரும். நேற்று ராத்திரி ஒரு சர்வீஸ் விழுந்திருந்தால் இன்று காலையும் அது விழுந்தபடிதான் கிடக்கும். ரீஸ்டார்ட் அப்படியல்ல, எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் புதிதாக ஏற்றும். காலையில் வராத சர்வீஸ் ரீஸ்டார்ட் செய்ததும் வருகிற மாயம் இதுதான், குளிர் இல்லை.

சோதித்துப் பார்க்க, ராத்திரி ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஷட்டவுனைச் சொடுக்குங்கள். அந்த ஒரு தடவை முழுதாக அணையும். இரண்டு மூன்று நாள் இப்படி அணைத்து, காலையில் சர்வீஸ் ஒழுங்காக வந்தால் ஆள் பிடிபட்டான். நிரந்தரமாக நிறுத்த: கொன்ட்ரோல் பேனல், பவர் ஒப்ஷன்ஸ், இடப்பக்கம் 'சூஸ் வட் த பவர் பட்டன்ஸ் டூ', அதற்குள் 'சேஞ் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவெய்லபிள்'. இந்த வரியைச் சொடுக்காவிட்டால் கீழே உள்ள பெட்டிகள் சாம்பல் நிறமாகவே இருக்கும், நிறையப் பேர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். பிறகு 'டர்ன் ஒன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்பதில் உள்ள சரிக் குறியை எடுத்துவிட்டு 'சேவ்' கொடுங்கள். பழைய மெஷினில் போட்டதும் வருவதற்குக் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

5. இவென்ட் வியூவரிடம் கேளுங்கள்

நாலாவது படியில் சரியாகாதவர்களுக்கு உண்மையான துப்பு இங்கேதான் இருக்கிறது. ஸ்டார்ட்டில் 'இவென்ட் வியூவர்' என்று தேடித் திறங்கள், விண்டோஸ் தனக்கு நடந்ததையெல்லாம் எழுதி வைக்கிற பதிவேடு அது. இடப்பக்கம் 'விண்டோஸ் லொக்ஸ்', அதற்குள் 'சிஸ்டம்'. வலப்பக்கம் 'ஃபில்டர் கரன்ட் லொக்' என்பதில், இவென்ட் எண் கேட்கிற பெட்டியில் 41, 6008, 7000, 7001, 7009, 7022, 7023 என்று கமா போட்டு எழுதுங்கள். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டியல் வரும். பார்த்துப் பயப்படாதீர்கள், நல்ல மெஷினிலும் நாலு சிவப்பு இருக்கத்தான் செய்யும். கொப்பியில் 'வரவில்லை' என்று எழுதிய நாட்களின் நேரத்தை மட்டும் தேடுங்கள்.

எண்களின் அர்த்தம் இது. 7009 என்றால், ஒரு சர்வீஸை விண்டோஸ் எழுப்பியது, 30,000 மில்லிசெக்கன், அதாவது 30 செக்கன் காத்திருந்தது, பதில் இல்லை. அதன் கூடவே வழக்கமாக 7000 வரும், உள்ளே 1053 என்ற எரர் எண்ணும் இருக்கும். இது பெரும்பாலும் மெஷின் மெதுவாக இருப்பதன் அறிகுறி, சர்வீஸ் கெட்டுப்போனதன் அறிகுறி இல்லை. 7001 வந்தால், இந்த சர்வீஸ் சாய்ந்து நிற்கிற வேறொரு சர்வீஸ் விழுந்துவிட்டது. அந்த வேறொன்றின் பெயர் அதே வரியிலேயே இருக்கும், நீங்கள் துரத்த வேண்டியது அதைத்தான். 7022 என்றால் எழும்பும்போதே தொங்கிவிட்டது. 7023 என்றால் எழும்பி, ஒரு தவறைச் சொல்லிவிட்டுச் செத்துவிட்டது, பக்கத்திலுள்ள தவறு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

41உம் 6008உம் நமக்கு, இந்த மலைநாட்டுக்காரர்களுக்கு, முக்கியமானவை. இரண்டுமே 'போன தடவை ஒழுங்காக அணைக்கப்படவில்லை' என்று சொல்பவை. 41 வந்த அதே காலை 7009உம் 7000உம் வரிசையாக வந்திருந்தால், கரண்ட் வெட்டுத்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் வீட்டு மெஷினில் அப்படித்தான் இருந்தது, முந்தின நாள் சாயங்காலம் கரண்ட் இரண்டு தரம் வெட்டி வெட்டி வந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு 41, அதற்கு நேர் மேலே மறுநாள் காலையின் 7009.

இதையெல்லாம் பார்த்த கையோடு 'சர்வீசஸ்' என்று தேடி அந்தப் பட்டியலையும் திறந்து பாருங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'விண்டோஸ் செக்யூரிட்டி சர்வீஸ்' (இது செக்யூரிட்டி சென்டர் சர்வீஸ் அல்ல, வேறு), விண்டோஸோடு வருகிற அன்டிவைரஸான டிஃபென்டரின் 'நெட்வேர்க் இன்ஸ்பெக்ஷன் சர்வீஸ்' இரண்டும் 'மேனுவல்' என்றுதான் இருக்கும். அது சரியான நிலை, மாற்ற வேண்டாம். 'செக்யூரிட்டி சென்டர்' சர்வீஸின் தொடக்க வகையை மாற்றப் போனால் பெட்டி சாம்பலாகி இருக்கும், அதுவும் கோளாறு அல்ல, வைரஸ்கள் அதை அணைத்துவிடாமல் இருக்க விண்டோஸே பூட்டி வைத்திருக்கிறது. அதைத் திறக்க ஏதோ ஒரு கோப்பை இறக்கி ஓடவிடச் சொல்கிற வீடியோக்கள் ஏராளம், பக்கத்திலும் போகாதீர்கள். 'பேஸ் ஃபில்டரிங் எஞ்சின்', 'ரிமோட் புரொசீஜர் கோல்', 'விண்டோஸ் மேனேஜ்மென்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன்' மூன்றும் 'ஒட்டோமெட்டிக்', 'ரன்னிங்' என்று இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இவற்றில் ஒன்று படுத்தால் பாதுகாப்புப் பக்கம் ஏதாவது ஒன்று சேர்ந்து படுக்கும்.

6. ஒரே வீட்டில் இரண்டு காவலாளி

வேறொரு அன்டிவைரஸ் போட்டிருந்தால் டிஃபென்டர் தானாக ஒதுங்கிவிடும். அப்போது டிஃபென்டர் சர்வீஸ் ஓடாமல் இருப்பது சாதாரணம், அதைக் கட்டாயப்படுத்தி எழுப்பப் போனால் 577 என்ற எரர் வரலாம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒரு வருட இலவசக் காலம் முடிந்த அன்டிவைரஸ், அல்லது அரைகுறையாக நீக்கிய அன்டிவைரஸ், "நான் இருக்கிறேன்" என்று ஒரு நாள் சொல்லும், ஒரு நாள் சொல்லாது. செக்யூரிட்டி சென்டருக்கு யாரை நம்புவதென்று தெரியாது. 'அப்ஸ்' பட்டியலில் நீக்கினால் மட்டும் போதாது. பெரிய அன்டிவைரஸ் நிறுவனங்கள் பலவும் மிச்சம் மீதியைத் துடைக்கிற தனிக் கருவி ஒன்றை இலவசமாகத் தருகின்றன. அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, ஓடவிட்டு, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் சங்கடமானது. டவுன் கடைகளில் வாங்குகிற இரண்டாம் கை மெஷின்களில் விண்டோஸைத் திருட்டுத்தனமாக 'எக்டிவேட்' செய்கிற கருவி போட்டிருப்பது சகஜம். அந்தக் கருவிகளை டிஃபென்டர் பிடித்துவிடும் என்பதால், போட்டவரே டிஃபென்டரை முடக்கியோ, ஒரு ஃபோல்டரைப் பார்க்காதே என்று சொல்லியோ வைத்திருப்பார். சர்வீஸ் எழும்பி, சில நிமிஷத்தில் அணைகிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் எனக்கு. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அன்ட் திரெட் புரொடெக்ஷன்', 'மேனேஜ் செட்டிங்ஸ்', கீழே 'எக்ஸ்குளூஷன்ஸ்'. அங்கே நீங்கள் போடாத ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு அதே 'புரொடெக்ஷன்' பக்கத்தில் 'ஸ்கேன் ஒப்ஷன்ஸ்' என்பதற்குள் உள்ள டிஃபென்டர் ஒஃப்லைன் ஸ்கேன். மெஷின் தானே ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறுமுன் தேடும், சுமார் கால் மணித்தியாலம் பிடிக்கும். நடுவில் கரண்ட் போகாத நேரமாகப் பாருங்கள்.

இன்டர்நெட்டில் உலாவும்போது திரை முழுக்கச் சிவப்பாகி, "உங்கள் பாதுகாப்பு சர்வீஸ் நின்றுவிட்டது, இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்" என்று சத்தத்தோடு வந்தால் அது விண்டோஸ் சொல்வது இல்லை. விண்டோஸ் தன் எச்சரிக்கையில் தொலைபேசி இலக்கம் தருவதே இல்லை. பிரவுசரை மூடுங்கள், வேலை முடிந்தது.

7. திகதியும் நேரமும்

மெஷின் போட்டதும் 2015, 2009 என்று ஏதோ ஒரு வருடம் காட்டுகிறதா? அப்படியானால் தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவ பெட்டரி செத்துவிட்டது. திகதி தப்பினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் காலாவதியானது போலவோ இன்னும் பிறக்காதது போலவோ தெரியும், அன்டிவைரஸ் அப்டேட் இறங்காது, காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸும் செல்லாது என்னும். இன்டர்நெட் கிடைத்து நேரம் தானாகச் சரியானதும் எல்லாம் ஒழுங்காகும், அதனால்தான் இதுவும் வந்து வந்து போகிற வியாதி. ராத்திரியில் பிளக்கைப் பிடுங்கி வைக்கிற வீடுகளில் அதிகம் வரும், இடிக்குப் பயந்து நம்மில் பாதிப் பேர் அப்படித்தானே செய்கிறோம்.

டெஸ்க்டொப்புக்கு வேண்டியது பெரும்பாலும் சிஆர்2032 என்கிற 3 வோல்ட் பெட்டரி. மணிக்கூடு திருத்துகிற கடையிலும் கிடைக்கும், சில நூறு ரூபாவுக்குள் முடியும். மாற்றுமுன் பயோஸ் திரைகளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக 'சாட்டா மோட்' என்று இருக்கிற பக்கத்தை. பெட்டரியைக் கழற்றினால் பயோஸ் பழைய நிலைக்குத் திரும்பும், அந்த ஒன்று மாறினால் விண்டோஸே ஏறாமல் போகலாம். பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில செக்கன் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, பக்கத்திலுள்ள சின்ன உலோக நாக்கை நகத்தால் தள்ளினால் பெட்டரி துள்ளி வெளியே வரும். கூட்டல் அடையாளம் மேலே இருக்கும்படி புதியதை வையுங்கள். லெப்டொப் என்றால் இதைக் கடையிலேயே விடுங்கள்.

8. கோப்புகளைச் செப்பனிடுதல்

கரண்ட் வெட்டில் பழுதான விண்டோஸ் கோப்புகளைச் சரிசெய்ய இரண்டு கட்டளை. ஸ்டார்ட்டில் 'சிஎம்டி' என்று தேடி, வலது சொடுக்கில் 'ரன் அஸ் எட்மினிஸ்ட்ரேட்டர்'. முதலில் 'டிஸ்ம் /ஒன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரீஸ்டோர்ஹெல்த்'. சாய்கோட்டுக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஓர் இடைவெளி உண்டு. இது நல்ல கோப்புகளை இன்டர்நெட்டிலிருந்து எடுக்கும், எனவே டேட்டா வேண்டும். 62 சதவீதம் பக்கம் போய் ரொம்ப நேரம் அசையாமல் நிற்பது வழமை, செத்துவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள். அது முடிந்ததும் 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்'. பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு மணித்தியாலம் வரை போகலாம். பழுதைக் கண்டு திருத்தியதாகச் சொன்னால் ரீஸ்டார்ட் செய்து இன்னொரு தடவை ஓடவிடுங்கள்.

செக்யூரிட்டி சென்டர், எந்த அன்டிவைரஸ் இருக்கிறது என்ற விவரத்தை விண்டோஸ் மேனேஜ்மென்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன் வழியாகத்தான் வைத்திருக்கிறது. அதன் களஞ்சியம் கெட்டிருக்கிறதா என்று பார்க்க, அதே கறுப்புத் திரையில் 'வின்எம்ஜிஎம்டி /வெரிஃபைரெப்போசிட்டரி'. 'கன்சிஸ்டன்ட்' என்றால் நல்லது. 'இன்கன்சிஸ்டன்ட்' என்றால் வெரிஃபை என்ற இடத்தில் 'சால்வேஜ்' என்று மாற்றித் தட்டுங்கள்.

9. டிஸ்க்கின் உடல்நிலை

என் அனுபவத்தில் 7009 திரும்பத் திரும்ப வருகிற பழைய மெஷின்களில் கடைசியில் மாட்டிக்கொள்வது ஹார்ட் டிஸ்க்தான். இவென்ட் வியூவரில் மறுபடி போய், மூலம் 'டிஸ்க்' என்று இருக்கிற 7, 153 எண்களைத் தேடுங்கள். 7 என்றால் டிஸ்க்கில் கெட்ட பகுதி இருக்கிறது. 153 என்றால் படிக்கப்போய்க் கிடைக்காமல் திரும்பவும் முயன்றிருக்கிறது. இவை நிறைய இருந்தால் வேறு எதையும் தொடாமல், முதலில் உங்கள் கோப்புகளை வெளியே எடுங்கள். சாகப்போகிற டிஸ்க்கில் நீண்ட சோதனை ஓடவிடுவது அதன் கதையை முடித்துவிடக் கூடும்.

அப்படி இல்லை என்றால் 'செக்டிஸ்க் சி: /எஃப்' போதும், டிஸ்க் என்பதை ஆங்கிலத்தில் 'டிஎஸ்கே' என்று மூன்று எழுத்தில் மட்டும் தட்ட வேண்டும், செக் என்பது 'சிஎச்கே'. அடுத்த தடவை போடும்போது சோதிக்கவா என்று கேட்கும், 'வை' அழுத்துங்கள். '/ஆர்' போட்டால் டிஸ்க் முழுவதையும் அங்குலம் அங்குலமாகப் பார்க்கும், மணிக்கணக்கில் போகும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் ஆனால் இடி மின்னலோடு மழை வருகிற ஊர் நம்முடையது, இந்த வேலையை விடிய வெள்ளனத் தொடங்குங்கள். பெட்டரி செத்து, நேரே பிளக்கில் ஓடுகிற லெப்டொப்பில் வேண்டவே வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போடுவதுதான் இந்தப் பட்டியலிலேயே அதிகம் பயன் தருகிற செலவு. விலை டொலரோடு ஏறி இறங்கும், அதனால் ஹட்டனிலோ பதுளையிலோ இரண்டு கடையில் கேட்டுவிட்டு, கொழும்பில் யாராவது இருந்தால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் ஒரு வார்த்தை விசாரிக்கச் சொல்லுங்கள். டெஸ்க்டொப்காரர்களுக்கு அடுத்த செலவு யூபிஎஸ். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் லயத்தில் எல்லா வீட்டிலும் கேத்தல் போடுகிற நேரத்தில் மின்னழுத்தம் இறங்குவதைப் பல்பே காட்டிக்கொடுக்கும். அழுத்தத்தைச் சமன்செய்கிற வசதி உள்ள யூபிஎஸ்ஸாகக் கேட்டு வாங்குங்கள், அணைக்கப் பத்து நிமிஷம் தந்தால் போதும், ராத்திரி முழுக்க ஓட வேண்டியதில்லை.

10. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுவது

டிஸ்க் நல்லது, மெஷின் மட்டும் மெதுவு, எஸ்எஸ்டிக்கு இப்போதைக்குக் காசில்லை என்றால், அந்த 30 செக்கனை 60 ஆக்கலாம். 'ரெஜிஸ்ட்ரி எடிட்டர்' (விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்றுகிற கருவி) திறந்து, எச்கே லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கொன்ட்ரோல் செட், கொன்ட்ரோல் என்று வரிசையாகப் போங்கள். அங்கே 'சர்வீசஸ்பைப்டைம்அவுட்' என்ற பெயரில், இடைவெளி இல்லாமல், ஒரு புதிய 'டிவேர்ட் 32-பிட்' மதிப்பை உருவாக்கி 60000 எழுதுங்கள். எழுதுமுன் பக்கத்தில் 'டெசிமல்' என்பதைத் தெரிவு செய்ய மறக்க வேண்டாம். 'ஹெக்ஸாடெசிமல்' என்று இருந்தபடியே எழுதினால் அது 393216 மில்லிசெக்கன், ஆறரை நிமிஷத்துக்கும் மேல், உண்மையிலேயே ஒரு சர்வீஸ் தொங்கினால் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் இது வேலை செய்யும். ரீஸ்டோர் பொயின்ட் இல்லாமல் ரெஜிஸ்ட்ரியில் கைவைக்காதீர்கள்.

11. ஃபோர்மட்டுக்கு முன் இன்னொரு வழி

எல்லாம் செய்தும் தீரவில்லை என்றால் கோப்புகளும் மென்பொருளும் இருக்க, விண்டோஸை மட்டும் அதன் மேலேயே திரும்பப் போடலாம். மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து உங்கள் பதிப்பின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு விண்டோஸும் அடங்கிய ஒரே கோப்பு) இறக்கி, இரட்டைச் சொடுக்கில் திறந்து, 'செட்டப்' ஓடவிட்டு, 'கீப் பர்சனல் ஃபைல்ஸ் அன்ட் அப்ஸ்' தெரிவு செய்தால் போதும். கோப்பு 5 ஜீபிக்கும் மேல் வரும், நல்ல லைன் உள்ள நண்பர் வீட்டில் இறக்கிக் கொண்டுவருவது மலிவு. பென் டிரைவ் ஃபெட்32 முறையில் இருந்தால் 4 ஜீபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, 'ஃபைல் டூ லார்ஜ்' என்று சொல்லும். போகுமுன் பென் டிரைவை எக்ஸ்ஃபெட் முறைக்கு மாற்றிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் பஸ் காசு வீண்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. டிஃபென்டரின் வைரஸ் அடையாள அப்டேட்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை தொடரும் என்று மைக்ரோசொஃப்ட் சொல்லியிருக்கிறது. மெஷின் விண்டோஸ் 11ஐத் தாங்கும் என்றால் இந்தச் சாட்டில் மாறிவிடலாம். பழைய மெஷின்களில் பல தாங்காது, டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு கேட்கும்.

12. கடைக்குத்தான் போக வேண்டும் என்றால்

பத்தாம் திகதிச் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு போகாதீர்கள், அன்று டவுனில் போன் ரீலோட் போடக்கூட இடமிருக்காது, உங்கள் மெஷினை நின்று பார்க்க யாருக்கும் நேரம் வராது. வார நாளில் காலையில் போங்கள். கொப்பியையும், இவென்ட் வியூவர் திரையைப் போனில் எடுத்த படங்களையும் காட்டுங்கள். "அடிக்கடி எரர் வருகிறது" என்று சொன்னால் ஃபோர்மட்தான் பதில், "கரண்ட் போன மறுநாள் 7009 வருகிறது, டிஸ்க்கைப் பாருங்கள்" என்றால் பேச்சே வேறு. ஒப்படைக்கிற துண்டில் சீரியல் இலக்கம், கூடக் கொடுத்த சார்ஜர், 'கேட்காமல் ஃபோர்மட் செய்யக் கூடாது' என்ற வரி மூன்றையும் எழுதி வாங்குங்கள். டிஸ்க் மாற்றினால் பழைய டிஸ்க்கைக் கையோடு கேட்டு எடுங்கள், உங்கள் அடையாள அட்டையின் படம் அதில்தான் இருக்கிறது. காசு கொடுக்குமுன் அங்கேயே, கவுண்டரில் வைத்தே, முழுதாக ஷட்டவுன் செய்து, திரும்பப் போட்டு, ஐந்து நிமிஷம் நின்று கேடயத்தைப் பாருங்கள். அவர்கள் அவசரப்படுத்துவார்கள், நீங்கள் அவசரப்படாதீர்கள்.